இரண்டு அமாவாசைக்கு நடுவே

கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும் கோடை விடுமுறையை யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் தேடிப் பார்த்தால், இரண்டு அமாவாசைகள் அதற்குள் விழுவது தெரியும். 2025ஆம் ஆண்டில் ஆடி அமாவாசை யூலை 24. அதிலிருந்து ஆறாம் நாள், யூலை 29, நல்லூரில் கொடியேறியது. ஓகஸ்ட் 21 தேர், மறுநாள் தீர்த்தம். அதோடு ஆவணி அமாவாசையும் வந்துவிட்டது. கட்டுநாயக்காவிலும் பலாலியிலும் வந்திறங்கும் குடும்பங்களில் பல, இந்த 25 நாள் திருவிழாவைக் கணக்குப் பண்ணித்தான் ரிக்கற் போடுகின்றன.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடிக்கும் நாள். கீரிமலையில் தலை முழுகி, தர்ப்பணம் கொடுத்து, வீடு வந்து படைத்த பிறகுதான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இல்லாவிட்டால் குறை. பற்றைகளில் படரும் ஒரு முள்ளுக்கொடியின் காய் அது, நாக்கில் நின்று கசக்கும். அந்த ஒரு நாளைக்காகவே சந்தையில் அதைக் குவித்து விற்பார்கள். ஆக, குடாநாட்டின் மிகப் பெரிய கொண்டாட்டம் செத்துப்போன தகப்பன்மாருக்குச் சோறு படைத்த கையோடு தொடங்குகிறது. விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒரு கிழவி கண்ணை மூடிவிட்டால் அந்த வீடு எப்படி அதைத் தாங்குகிறது என்று யோசிப்பவர்கள் இந்த நாட்காட்டியிலிருந்து தொடங்குவது நல்லது.

அப்படியான வீடுகளைக் காண, யாழ் நகரிலிருந்து கடலை ஒட்டிக் கிழக்கே போனால் குருநகர், பாசையூர், அடுத்தது கொழும்புத்துறை. அதைத் தாண்டினால் அரியாலை. நல்லூர் தலைநகராக இருந்த தமிழரசர் காலத்தில் அதன் துறைகளில் ஒன்றாக இருந்த ஊர் கொழும்புத்துறை. இன்றைக்கு அந்தப் பழைய ஆரவாரம் ஒன்றும் இல்லை. சைவக் கோயில்கள், கத்தோலிக்கக் குருமாணவர்கள் படிக்கும் புனித சவேரியார் குருமடம், பனைகள், மதிலும் தகரப் படலையுமாக வளவுகள், முடிவில் கடல். கடல் என்றாலும் அலை எறியும் கடல் இல்லை. ஆழமில்லாத பரவைக்கடல். சிறகுவலைக் கம்புகள் தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தலைநீட்டிக்கொண்டிருக்கும். தெற்கே அக்கரை பூநகரிப் பக்கம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, கொழும்பிலிருந்து மன்னார்ப் பக்கமாக வரும் வான்கள் பூநகரியைத் தொட்டு, கேரதீவில் ஏறி, நாவற்குழி வழியாக நகருக்குள் வந்துவிடுகின்றன.

அப்படியொரு வான் கொழும்புத்துறை வீடொன்றின் முன் வந்து நிற்கும்போது படலை ஏற்கெனவே திறந்திருக்கும். அப்பம்மா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் விடியத்தொடக்கம் காத்துக்கொண்டிருப்பார். இறங்கியதும் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் வார்த்தை அநேகமான வீடுகளில் ஒன்றுதான்: “என்ன மோனை, இப்பிடி மெலிஞ்சு போனாய்?” பிள்ளை நல்ல கொழுகொழுவென்று இருந்தாலும் அதேதான். பிறகு கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையை விடுவதற்குள் பெட்டிகள் எல்லாம் இறங்கி, அடுப்படியில் தேத்தண்ணிக்கும் தண்ணீர் கொதித்துவிடும்.

அடுத்த சில நாட்கள் பிள்ளைகளுடைய இராச்சியம். கசூரினாவில் குளிப்பு, நெடுந்தீவில் குதிரை பார்ப்பு, நல்லூருக்கு அருகே ரியோவில் ஐஸ்கிரீம், கோட்டைச் சுவரில் நின்று படம் எடுப்பு. கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றும் தண்ணீருக்குச் சின்னதுகள் போடும் கூச்சல் அடுத்த வளவுக்கும் கேட்கும்.

இதற்கெல்லாம் உச்சம் கூழ் காய்ச்சும் நாள். விடியப்புறம் பாசையூர்ச் சந்தையில் நண்டும் இறாலும் சின்ன மீனும் வாங்கி வந்தாயிற்று. ஒடியல் மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, அதன் கசப்பைப் போக்கியிருப்பார்கள். பெரிய பானையில் மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கொஞ்ச அரிசி. அவை வெந்து வரும்போது மீனும் நண்டும் இறங்கும். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்து, கடைசியில் கரைத்த மாவை ஊற்றித் துழாவும்போது அகப்பையின் கனம் கூடிக்கொண்டே வரும். அந்தப் பதத்தைப் பார்த்துச் சொல்ல அப்பம்மாதான் வேண்டும். தன்னால் துழாவ முடியாத வயதிலும் கதிரையை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, அகப்பையிலிருந்து வழிவதைப் பார்த்தே “இன்னும் கொஞ்சம் புளி விடு” என்பார். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி ஆளுக்கொன்று. முற்றத்தில் வட்டமாகச் சப்பாணி கட்டிக் குந்தி, உறைப்பில் மூக்கால் தண்ணீர் ஓட ஓட, ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையும் குடிக்கும். ஒரே பானையைச் சுற்றி மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும் இந்தக் காட்சி யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகக் கிடைத்ததல்ல.

ஏனென்றால் இந்தப் பானையைச் சுற்றிய இடங்கள் நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தன. 1983 கலவரத்துக்குப் பிறகு இளம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தியது. மறுபடி வந்து சேர 2014 ஒக்ரோபர் ஆனது. போர் நெருங்கி, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, கொழும்புத்துறைக்குப் பக்கத்திலிருக்கும் அரியாலை, செம்மணி, நாவற்குழிப் பாதைகளில்தான் இலட்சக்கணக்கான சனம் மழையில் அடிமேல் அடிவைத்து நகர்ந்தது. வயதானவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர்விட்ட கிழவர்களும் இருந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது குடாநாடு மறுபடியும் தனித்துப் போனது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கட்டுநாயக்காவை மூட, அடுத்த ஜனவரிவரை பயணிகளுக்கு வழி இல்லை.

இந்த ஆண்டுகளிலெல்லாம் தாய் தகப்பன் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். செய்தியைப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி சொன்னது, அதற்கு முன்னே தந்தி சொன்னது. ஊரில் இருந்தவர்களுக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் சொன்னது. பத்திரிகையில் வரும் அறிவித்தலிலோ பிள்ளைகளின் பெயர்கள் அடைப்புக்குறிகளோடு வரிசையாக நிற்கும்: மூத்தவர் கனடா, அடுத்தவர் சுவிஸ், கடைக்குட்டி லண்டன். ஒரு குடும்பத்தின் சிதறலை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் எழுத்து வேறெங்கும் இல்லை. கொள்ளிவைக்கும் மகன் வராமல், மருமகனோ பெறாமகனோ கொள்ளிவைத்த செத்தவீடுகள் எத்தனையோ. அந்த மகன்மார் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் தளும்பாமல் சொல்வதில்லை.

அதனால்தான், பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நிற்கும்போது ஒரு முதியவர் போய்விட்டால் ஊர் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. “பிள்ளையளின்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் கண்ணை மூடினவ.” “எல்லாரும் வந்து சேருமட்டும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ.” விறாந்தையில் வந்து குந்தும் ஒவ்வொரு கிழவியும் இதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஒப்பாரியைத் தொடங்குவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விடுமுறை பாழானது போலத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது கிடைத்த பேறு. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் சொல்லாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. வரமுடியாமல் போன ஆண்டுகளை அனுபவித்த ஊர் அது.

பிள்ளைகளுக்கு இது எல்லாமே புதிது. முதல்நாள் கூழ் குடித்த முற்றத்தில் கொட்டகை எழும்பும். தென்னோலைத் தோரணம் கட்டுவார்கள். கலியாண வீட்டுக்குக் கட்டும் விதம் வேறு, இதற்குக் கட்டும் விதம் வேறு. வீட்டு அடுப்பு எரியாது. தேத்தண்ணியும் பாணும் சம்பலும் அயல்வீடுகளிலிருந்து வரும். யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, இன்ன நேரத்துக்கு இன்ன வீடு என்று அவர்களுக்குள் பேசி முடித்திருப்பார்கள். கேத்தலைத் தூக்கிக்கொண்டு வரும் அடுத்த வளவு மாமியைக் கண்டுதான் பல வெளிநாட்டுப் பிள்ளைகள் அயல் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்கிறார்கள்.

கிரியை தொடங்கினால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது: நெய்ப்பந்தம் பிடிப்பது. சின்னக் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி நெய்யில் தோய்த்துக் கொளுத்திக் கையில் கொடுப்பார்கள். பெட்டியைச் சுற்றிப் பேரன் பேத்திகள் வரிசையாக நிற்பார்கள். உரலில் சுண்ணம் இடிபடும். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தை ஓதுவார் ஒருவர் பாட, உலக்கை அதற்கு இசைந்து விழும். சொட்டும் நெய் விரலில் படாமல் பந்தத்தைச் சரித்துப் பிடிக்க அண்ணன் தம்பிக்குக் காட்டிக்கொடுப்பான். தமிழ் சரியாக வராத பிள்ளைகூட அந்த நேரத்தில் யாரும் சொல்லாமலே அசையாது நிற்கும். செத்தவீட்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்று மேற்கு நாடுகளில் வளர்ந்த பெற்றோர் சிலர் நினைப்பதுண்டு. பந்தம் பிடித்த பிள்ளையைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அப்பம்மாவுக்குத் தன் கையால் செய்ய ஒரு காரியம் அதற்கு இருந்தது.

பறை முன்னே போக, ஊர்வலம் துண்டி மயானத்துக்குக் கிளம்பும். பெண்கள் படலையோடு நின்றுவிடுவது பழைய வழக்கம். பேத்திகள் ஏன் என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சில வீடுகளில் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டியும் வருகிறார்கள்.

அதன் பின்னே வருவது துடக்கு, இறப்புத் தீட்டு. மகன் வழியினருக்கு 31 நாள் என்பது பொதுவான கணக்கு. ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப அது மாறும். மகள் வழிப் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. துடக்கு வீட்டார் கோயிலுக்குப் போவதில்லை. நல்லூருக்கென்றே கடல் தாண்டி வந்தவர்கள், தேர் இழுபடும் காலையில் சில கிலோமீட்டர் தூரத்தில் வீட்டுக்குள் இருப்பார்கள். நேரடி ஒளிபரப்பில் தேர் வெளிவீதி சுற்றும். அரோகரா சத்தம் தொலைக்காட்சியிலிருந்து வரும். மகள் வழிப் பிள்ளைகள் வேட்டி கட்டிக்கொண்டு போய், திரும்பி வரும்போது திருநீற்றை வெளிவிறாந்தையோடு வைத்துக்கொள்வார்கள். ஒரே வயது மச்சான்மாரில் ஒருவன் போனான், மற்றவன் போகவில்லை. இந்தப் பிரிப்பு அவர்களுக்கு வலிக்கிறது. ஆனால் இழவு யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று ஊர் தீர்மானித்து வைத்த கணக்கை அவர்கள் நேருக்கு நேர் காண்பதும் அப்போதுதான்.

ரிக்கற் திகதி இன்னொரு நெருக்கடி. லீவு முடியும், பள்ளிக்கூடம் தொடங்கும், 31ஆம் நாள் அதற்குப் பிறகு விழும். சிலர் திகதியை மாற்றுகிறார்கள். சிலர் மனைவி பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் நிற்கிறார்கள். சில வீடுகளில் ஐயருடன் பேசி, அந்த 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கத் தேவையில்லை. வந்து நின்று செய்கிற பிள்ளைக்காகச் சாத்திரம் சற்று அசைந்து கொடுத்தால் குற்றமொன்றும் இல்லை.

கொழும்புத்துறைக்கு வந்து யோகர் சுவாமியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்த ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு முதியவரைப் பறிகொடுத்தது என்றால் அது அவரைத்தான். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து மாமியின் கையில் வளர்ந்தார். கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர், நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்டு அந்த உத்தியோகத்தை விட்டார். பிறகு கொழும்புத்துறைச் சந்தியில் ஓர் இலுப்பை மரத்தடியில் மழை வெயில் பாராமல் ஆண்டுக் கணக்கில் இருந்தார். அடியார்கள் வற்புறுத்தியபின் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டிலுக்கு மாறினார். அங்கேயே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்.

அவருக்குக் குடும்பம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அவருக்கு உரிமை இல்லாத வீடும் இல்லை. கலியாணம், பரீட்சை, வழக்கு, வருத்தம் எதுவென்றாலும் சனம் அந்தக் கொட்டிலுக்குப் போனது. ஏச்சு வாங்கியது, தேவாரம் பாடியது, தேறி வந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் அவரிடம் வந்து சாந்தசுவாமி ஆனார். அமெரிக்காவிலிருந்து வந்து 1949இல் அவரைச் சந்தித்த இளைஞர், பின்னாளில் சிவாய சுப்பிரமுனியசுவாமியாகி ஹவாய்த் தீவில் சைவ மடம் அமைத்தார்.

1961 பெப்ரவரியில் ஒருநாள், சாப்பிட்ட வாழையிலையைத் தன் பசு வள்ளிக்குக் கொடுக்கப் போனார் சுவாமி. சாதுவான பசு. அன்றைக்கு இலையைக் கண்ட அவசரத்தில் பாய்ந்து அவரை விழுத்திவிட்டது. 88 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, பிறகு சக்கர நாற்காலி. வயதான தாய் தகப்பன் விழுந்து இடுப்பு உடைத்துக்கொண்ட வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை! அந்த வீடுகளுக்கெல்லாம் சுவாமியின் கடைசி ஆண்டுகள் தங்கள் வீட்டுக் கதையாகவே தெரிந்தன. 1964 மார்ச்சில் ஒரு விடியற்காலை அவர் உடல் நீங்கியது. வானொலி அதைச் சொன்னதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சனம் கொழும்புத்துறைக்குத் திரண்டது. ஞானிகளைச் சமாதி வைப்பதே பெருவழக்கு. அவரோ தன்னைத் தகனம் செய்யவேண்டும் என்று விரும்பியிருந்தார், அப்படியே செய்தார்கள். பங்குனி ஆயிலியத்தில் இன்றும் குருபூசை நடக்கிறது. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் அவருடைய ஆச்சிரமத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், “உங்கட பூட்டன் இவரிட்டை ஏச்சு வாங்கினவர்” என்று பெருமையாகச் சொல்வார்கள்.

கோடை விடுமுறையையும் இறந்தோரையும் ஒன்றாக வைத்த ஊர் யாழ்ப்பாணம் மட்டுமல்ல. யப்பானில் ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஓபோன் வருகிறது. தொழிற்சாலைகள் மூடி, ரயில்கள் நிரம்பி, நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் பிறந்த ஊருக்குப் போவார்கள். முன்னோர் வீட்டுக்கு வருகிறார்கள் என்று விளக்கேற்றி வரவேற்பார்கள். கல்லறையைக் கழுவுவார்கள், இரவில் கூடி ஆடுவார்கள். அங்கே வருகிறவர்களில் முக்கியமானவர்கள் இறந்தவர்கள்தான். கொழும்புத்துறைக் கிழவிக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்.

மறுபடி செத்தவீட்டுக்கு வந்தால், எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமானது எல்லாம் அன்றைக்குச் சமைத்துப் படைக்க வேண்டும். பட்டியல் போட வீடு முழுவதும் கூடும். அப்பம்மாவுக்கு என்ன பிடிக்கும்? ஒருவர் நண்டுக்கறி என்பார், ஒருவர் கணவாய் என்பார். பேத்தி திடீரென்று, “பிஸ்கட்டைத் தேத்தண்ணியில தோய்ச்சுச் சாப்பிடுவா” என்று சொல்லும். அதுவும் படையலில் ஏறும். அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வருவது அந்த அடுப்படியில்தான். அவரைப் பற்றித் தெரியாத கதைகள் எல்லாம் வெளியே வரும். யாரோடு கோபித்துப் பத்து வருடம் கதைக்காமல் இருந்தார், எந்த நகையை அடகு வைத்து எந்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்று.

சாம்பல் கீரிமலைக் கடலில் கரையும். ஆடி அமாவாசைக்கு முழுகிய அதே துறை. கிரியை முடித்து, கடலோரத்து நன்னீர்க் கேணியில் பையன்கள் இறங்கினால் ஏறுவதற்கு மனம் வராது. யாரும் அதட்டுவதில்லை.

அந்தியேட்டியன்று கல்வெட்டு கொடுப்பார்கள். படத்தோடு, தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, வமிசாவளி, பிள்ளைகளின் புலம்பல் என்று அச்சடித்த சிறு புத்தகம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் பெருந்தொகையாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் வரலாறு எழுதப்படும். பத்துப் பிள்ளை பெற்று, ஒடியல் காயவைத்து, கோழி வளர்த்து, எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு பெண்ணுக்கு உலகில் கிடைக்கும் ஒரே புத்தகம் அந்தக் கல்வெட்டுத்தான். அதைச் சோடனை என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கட்டும். குடிபெயர்வின் வரலாறு ஊர் ஊராக, பெயர் பெயராக அதில் கிடக்கிறது. இப்போதெல்லாம் அதைக் கணினியில் வடிவமைப்பதும் அப்பம்மாவின் படத்தைத் துலக்குவதும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் பங்கு.

பிறகு வருடம் முழுவதும் அந்த வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. ஆட்டைத் திவசத்தோடுதான் அது முடியும். திவசம் திதிப்படி வருவது. ஆடி வளர்பிறையில் போனவருக்கு அடுத்த ஆண்டும் ஆடி வளர்பிறைதான். ஆங்கிலத் திகதி முன்னே பின்னே நகரும், ஆனால் பெரும்பாலும் கோடை விடுமுறையைவிட்டு வெளியே போகாது. சித்திரை பிறக்க முதலே ரொறன்ரோவிலிருந்து கொழும்புத்துறை ஐயருக்கு வட்ஸ்அப்பில் கேள்வி போகும். ஐயர் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு திகதி சொல்வார். திருக்கணிதம் பார்க்கும் லண்டன் சித்தப்பா வேறொரு திகதி சொல்வார். குடும்பக் குழுவில் இரண்டு நாள் வாதம் நடக்கும். ஒருவழியாக ஐயர் சொன்னதே நிலைக்க, ரிக்கற் விலை பார்க்கத் தொடங்குவார்கள். திவசம் முடிந்த அடுத்த நாளே குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடிக்க வேண்டும், போனமுறை நெடுந்தீவு தவறிப்போனது என்று சின்னவன் முதலிலேயே எழுதி வைத்திருப்பான்.